தம்பி செய்த பிராக்கெட்

வணக்கம் நேயர்களே! மன்னிக்கவும், வாசகர்களே. பத்து வருடமாக ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து பழகிய வாய். எழுத உட்கார்ந்தாலும் முதலில் அதுதான் வருகிறது.

இந்த வாரம் ஓர் இரும்புத் துண்டைப் பற்றி எழுதப் போகிறேன். சினிமாவோ சமையலோ எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இரும்புத் துண்டால் எங்கள் வீட்டில் ஏழு மாதம் சண்டை நடந்தது. சண்டை என்றால் படிப்பீர்கள்தானே?

கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் என் பட்டச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஊடகவியல் பட்டம். அதற்குப் பக்கத்திலேயே இன்னோர் ஆணி இருக்கிறது. என் சான்றிதழை மாட்டிய அன்றே, தம்பிக்கும் ஒன்று வரும் என்று அப்பா அடித்து வைத்தது. தம்பி எஸ்.பி.எம். தேர்வில் சரியாகச் செய்யவில்லை. மேலே படிக்கவும் இல்லை. அந்த ஆணியில் அம்மா வருடா வருடம் கடைக்காரர் கொடுக்கும் நாள்காட்டியை மாட்டிக்கொண்டிருந்தார்.

தம்பிக்கு இப்போது 26 வயது. மேரு சாலைப் பக்கம் ஒரு கார் பட்டறையில் போமன். காலை எட்டு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்கு வருவான். நகக்கண்ணில் கருப்பு மை போல எண்ணெய் ஒட்டியிருக்கும். அப்பாவும் அவனும் பேசிக்கொள்வது, "சாப்பிட்டியா?" "ம்." அவ்வளவுதான்.

ஒரு நாள் அவனிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப் வந்தது. "அக்கா, ஒரு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி இருக்குமா? வீராவுக்கு சூப்பர்சார்ஜர் வைக்கப் போறேன். பிராக்கெட் செய்ய அலுமினியத் தகடு வாங்கணும், மில்லிங் கூலி கொடுக்கணும்."

வீரா என்பது அப்பாவின் பழைய புரோட்டோன் வீரா. என்னைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்ட கார். அதற்கு சூப்பர்சார்ஜரா? நான் ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். "முடியாது."

காரணம் பணம் இல்லை. காலை நிகழ்ச்சியில் அரை மணிக்கு ஒரு தடவை நான் சாலை நிலவரம் வாசிக்கிறேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் விபத்து, இடது தடம் அடைபட்டுள்ளது, மாற்று வழியில் செல்லுங்கள். வாசித்த கையோடு அடுத்த பாடல். அந்த இடது தடத்தில் கிடந்தது யார் என்று நமக்குத் தெரியாது. ஒரு முறை எனக்குத் தெரிய வந்தது. வாரம் தவறாமல் தொலைபேசியில் பாடல் கேட்கும் ஓர் அம்மா. மகனுக்குப் பிடித்த பாடல் என்றுதான் எப்போதும் கேட்பார். மூன்று வாரம் காணவில்லை. நான்காவது வாரம் அழைத்து அதே பாடலைக் கேட்டார். "இப்போ அவன் இல்லம்மா, ஆனா போடுங்க" என்றார். இரவில் நண்பர்களோடு காரில் வேகம் பார்க்கப் போன பிள்ளை. நான் வாசித்த செய்திகளில் ஒன்று அவனுடையது.

அதனால்தான் முடியாது என்றேன். தம்பி கோபப்படவில்லை. "காசு வேணாம். சனிக்கிழமை வந்து மட்டும் பாரு" என்று எழுதினான்.

நான் தங்கியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். சனிக்கிழமை கே.எல். சென்ட்ரலில் கொமியூட்டர் ஏறினேன். இன்று கே.எல். சென்ட்ரல் நிற்கும் இடம் ஒரு காலத்தில் இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டாக இருந்தது. எங்கள் தாத்தா இரயில்வேயில் பிட்டர். செந்தூல் மத்தியப் பட்டறையில் வேலை. இஞ்சினைப் பிரித்து மேயும் புத்தி தம்பிக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மா அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் தாத்தாவின் படத்தைத்தான் பார்ப்பார்.

பட்டறையில் தவுக்கே போய்விட்டார். வேலை முடிந்த பிறகு ஒரு மூலையைப் பயன்படுத்திக்கொள்ளத் தம்பிக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். வீராவின் முன்மூடி திறந்திருந்தது. தரையில் தம்பி உட்கார்ந்து, மைலோ அட்டைப் பெட்டியைக் கத்திரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தான்.

"இதுதான் உன் சூப்பர்சார்ஜரா?" என்றேன்.

சிரித்தான். மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தான். பிறந்த குழந்தையைவிடக் கனமான ஓர் அலுமினிய உருண்டை. முன்னால் ஒரு புல்லி. டொயோட்டா நிறுவனம் 1986-இல் 1600 சிசி இஞ்சின் ஒன்றுக்குப் பொருத்தி விற்ற எஸ்.சி.12 சூப்பர்சார்ஜர். ஜப்பானில் பாதியாக வெட்டி இங்கே வந்து இறங்கும் ஹாஃப் கட் கடையில் கிடைத்ததாம்.

எனக்குப் புரியும்படி சொல் என்றேன். நான் கேட்டால் வானொலியில் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவனுக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் சொன்னான்.

கொல்லன் துருத்தி பார்த்திருக்கிறீர்களா? ஊதினால் நெருப்பு சீறும். நெருப்புக்குக் காற்று கூடினால் சூடு கூடும். சூப்பர்சார்ஜர் என்பது காருக்கு வைக்கும் துருத்தி. சாதாரண இஞ்சின் தானே மூச்சை இழுத்துக்கொள்கிறது. 1600 சிசி இஞ்சின் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 800 சிசி காற்றை இழுக்கும். இந்த எஸ்.சி.12 ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1200 சிசி காற்றைத் தள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் 800 போக வேண்டிய இடத்தில் 1200 போய் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கசிவு, வெப்பம் என்று கொஞ்சம் வீணானாலும் மிச்சம் இலாபம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட்டி ஊற்றலாம். விசை கூடும். டர்போவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது புகைபோக்கிக் காற்றில் சுழலும். இது இஞ்சினோடு பெல்ட் போட்டுச் சுழலும்.

துருத்தி என்று நான் சொன்னது வெறும் உவமை இல்லை. இந்த வகை ஊதுகுழலுக்கு 1860-இல் காப்புரிமை வாங்கிய அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் காரைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அப்போது கார் என்ற ஒன்றே இல்லை. அவர்களுடைய கருவி இரும்பு உலைகளுக்குக் காற்று ஊதத்தான் போனது. இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கலாம் என்று ஜெர்மனியின் காட்லீப் டைம்லர் யோசித்தது 1885 வாக்கில். அந்த யோசனை வளர்ந்து விமானம் வரை போனது. 1945-இல் எங்கள் தாத்தா வேலை செய்த இரயில்வே பட்டறை மீது குண்டு போட்டுவிட்டுப் போன நேச நாட்டு பி-29 விமானங்கள் இருக்கின்றனவே, காற்று மெலிந்த உயரத்தில் அவற்றின் இஞ்சின்களுக்கு மூச்சு கொடுத்ததும் இந்தத் துருத்தியின் பங்காளிதான்.

"சரி, துருத்தி இருக்கு. காரும் இருக்கு. போல்ட் போட்டு முடுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"எதுலக்கா முடுக்குறது?" என்றான்.

அதுதான் விஷயம். இந்தத் துருத்தி பிறந்தது டொயோட்டாவுக்கு. வீராவில் இருப்பது மிட்சுபிஷி இஞ்சின். இதன் துளைகளுக்கும் அதன் துளைகளுக்கும் ஏழாம் பொருத்தம். நடுவில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் பிராக்கெட். ஒரு பக்கம் இஞ்சினைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் சூப்பர்சார்ஜரைத் தாங்கிக்கொண்டு, இரண்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். கடையில் கிடைக்காது. செய்தால்தான் உண்டு.

கல்யாணத் தரகரைப் போலவே அதற்கும் ஆயிரம் நிபந்தனை. முதல் நிபந்தனை, அது காரின் உடம்பில் உட்காரக் கூடாது, இஞ்சினில்தான் உட்கார வேண்டும். இஞ்சின் ரப்பர் திண்டுகளின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும். உடம்பு ஆடாது. உடம்பில் மாட்டினால் எண்ணெய் மிதியை அழுத்திய அடுத்த நொடியே பெல்ட் பிடுங்கிக்கொண்டு போகும். இரண்டாவது, எல்லாப் புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே பெல்ட் கீச்சிடும், ஓரம் தேயும், ஒரு நாள் எகிறும். மூன்றாவது, சின்னப் புல்லியைப் பெல்ட் நன்றாகக் கட்டிப்பிடிக்க வேண்டும். தொட்டும் தொடாமலும் போனால் வழுக்கும். அதற்காக வழியில் ஒரு குட்டிப் புல்லி வைத்து வளைத்து விட வேண்டும். நான்காவது, ஏர்கோன் கம்ப்ரெசர் இருக்கும் இடத்தைத் தொடக் கூடாது.

"அது ஏன்?"

"ஏர்கோனைக் கழட்டினா அம்மா என்னைக் கழட்டிடுவாங்க."

அதற்காகத்தான் அட்டை. இரும்பை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. அட்டை தப்பானால் அடுத்த மைலோ பெட்டி. அன்று நான் பார்த்தது ஒன்பதாவது அட்டை. ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, எங்கே இடித்தது என்று குறித்து, ஆணியில் கோத்து வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கூட ஒழுங்காக வைத்திருந்ததில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரயிலில் திரும்பி வரும்போது அந்த ஒன்பது அட்டைகள்தான் கண்ணில் நின்றன.

பணம் மட்டும் கொடுக்கவில்லை. அந்த அம்மாவின் குரல் இன்னும் காதில் இருந்தது.

நான் கொடுக்கவில்லை என்றதும் தம்பி அலுமினியத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பட்டறையில் கிடந்த ஆறு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் முதல் மாதிரியைச் செய்யத் தொடங்கினான். அட்டையை மேலே வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கிரைண்டரில் வெட்டி, துளை போட்டு, வெல்டிங் வைத்து. புல்லிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க அவன் எடுத்தது ஒரு நூல். கொத்தனார் சுவருக்குப் பிடிப்பாரே, அதே நூல். இந்தப் புல்லி முகத்திலிருந்து அந்தப் புல்லி முகத்துக்கு இழுத்துப் பிடித்தால் நூல் எல்லா இடத்திலும் ஒட்டி நிற்க வேண்டும். தாத்தாவும் அப்படித்தான் நூல் பிடிப்பார் என்று அப்பா பிறகு சொன்னார்.

இதற்கிடையில் நான் என் வேலையைப் பார்த்தேன். ஊடகவியல் படித்தவளுக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் படித்துவிட்டுத்தான் தூக்கம் வரும். நிகழ்ச்சிக்காகத் தேடியபோது கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடுவின் கதைக்குள் போனேன். பெயர் நம் வீடுகளில் அடிபடும் பெயர்தான். 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கிவிட்டார். அதை வாங்குவதற்காகவே கோயம்புத்தூரில் ஓர் உணவகத்தில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்து காசு சேர்த்தார். வாங்கினார். வாங்கிய வண்டியை ஊர் சுற்றாமல் பிரித்துப் போட்டார், திரும்பப் பூட்டினார். அப்படித்தான் மெக்கானிக் ஆனார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். அது வளர்ந்து பெரிய போக்குவரத்து நிறுவனமானது. இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் 1937-இல் அவருடைய கூட்டு முயற்சியில் வந்தது.

என்னை நிறுத்தியது அதற்கடுத்த சம்பவம். 1945-இல் கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரி தொடங்குவதற்கு அவர்தான் காரணமாக இருந்தார். முதல் முதல்வரும் அவரே. மூன்றாம் வகுப்பு படித்தவர், பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்று அவர் சொல்ல, அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு வந்துவிட்டார்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாயுடு பள்ளிக்கூடத்தைத்தான் விட்டார், படிப்பை விடவில்லை. மோட்டார் சைக்கிளைப் படித்தார். என் தம்பி அட்டையில் தேதி போட்டு வைத்திருந்ததும் படிப்புதானோ என்று அன்றைக்குத்தான் எனக்கு முதல் முறையாகத் தோன்றியது.

இரும்பு பிராக்கெட் தயாரானது. சூப்பர்சார்ஜர் உட்கார்ந்தது. பட்டறைக்குள்ளேயே நிறுத்தி வைத்து இஞ்சினை ஓட விட்டான். சத்தத்தைப் பதிவு செய்து எனக்கு அனுப்பினான். மெல்லிய விசில் போல ஓர் ஊளை. நான்கு வார இறுதிகளில் மொத்தம் பத்து மணி நேரம் ஓட்டியாகிவிட்டது. பெல்ட் எகிறவில்லை. கீச்சிடவில்லை.

"அடுத்த சனிக்கிழமை ரோட்டுல எடுக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

நான் அப்பாவுக்குப் போன் செய்தேன். புறம் சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்பா முப்பது வருடம் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டியவர். இரவு பகல் பார்க்காமல் ஓட்டிய மனிதர், வேகம் என்றாலே அவருக்கு ஆகாது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எந்தப் பட்டறை?" என்று கேட்டார். மகன் ஒன்பது வருடமாக வேலை செய்யும் பட்டறை எது என்று அப்பாவுக்குத் தெரியாது.

சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். தம்பி அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. நேராகக் காருக்குப் போய், கண்ணாடியை மூக்கில் இறக்கி, பிராக்கெட்டைப் பார்த்தார். ஓட்டச் சொன்னார். கேட்டார். நிறுத்தச் சொன்னார். சூடு ஆறும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "கழட்டு" என்றார்.

கழற்றினான்.

"மண்ணெண்ணெய் இருக்கா? சுண்ணக்கட்டி?"

இரண்டும் இருந்தன. அப்பா துணியை மண்ணெண்ணெயில் நனைத்துப் பிராக்கெட் முழுவதும் தடவினார். கொஞ்ச நேரம் வைத்தார். காய்ந்த துணியால் ஈரம் துளியும் இல்லாமல் துடைத்தார். சுண்ணக்கட்டியைப் பொடித்து அதன் மேல் தூவினார். வெள்ளை வெளேரென்று ஆனது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் இருக்கும். தகடு மடங்கும் உள்மூலையில், வெல்டிங் ஓரத்தில், வெள்ளைப் பொடியின் நடுவே தலைமுடி போல ஒரு கருப்புக் கோடு ஊறி வந்தது. நீளம் என் சுண்டுவிரல் நகம் அளவு.

விரிசல்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய், பொடி உறிஞ்சும்போது வெளியே வருகிறது. தாத்தா செந்தூலில் செய்ததை அப்பா பார்த்திருக்கிறார். அப்பாவுக்கும் சொந்தக் கதை ஒன்று உண்டு. ஒரு தடவை நள்ளிரவில் லோரியின் ஆல்டர்னேட்டர் பிராக்கெட் உடைந்து, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி, மெல்ல உருட்டிக்கொண்டு வந்தாராம். இதை எங்களில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. அன்று தம்பியிடம் சொன்னார்.

"இது ரோட்டுல விட்டிருந்தா?" என்றேன்.

இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை.

பிறகு தம்பி எனக்கு விளக்கினான். நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 100 அதிர்வு, ஒரு மணி நேரத்துக்கு 3,60,000. பத்து மணி நேரத்தில் 36 இலட்சம் முறை அந்தத் தகட்டை யாரோ மெல்லத் தட்டியிருக்கிறார்கள். கம்பியை ஒரு தடவை வளைத்தால் உடையாது, முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் உடையும் அல்லவா, அதுதான். உலோகத்துக்கும் களைப்பு உண்டு. அந்தக் களைப்பு வந்து சேருவது கூர்மையான உள்மூலையில். வேட்டித் துணியில் சின்னதாக ஒரு கிழிசல் இருந்தால் அங்கேதானே முதலில் கிழியும்? அந்த மூலையை வளைவாக வெட்டியிருக்க வேண்டும். வெல்டிங்கை வேறு இடத்துக்குத் தள்ளியிருக்க வேண்டும்.

நான் கைப்பையைத் திறந்தேன். "ஆயிரத்து ஐந்நூறுதானே?"

தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "நீ அப்பவே கொடுத்திருந்தா இதே தப்பை அலுமினியத்துல செஞ்சிருப்பேன்க்கா."

இரண்டாவது பிராக்கெட் 12 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வந்தது. ஏன் அலுமினியம் என்று கேட்டேன். தகட்டின் தடிமனை இரட்டிப்பாக்கினால் வளையாமல் நிற்கும் விறைப்பு எட்டு மடங்கு ஆகுமாம். அலுமினியம் இரும்பைவிட மூன்றில் ஒரு பங்குதான் விறைப்பு. எட்டை மூன்றால் வகுத்தால் கூட இரண்டரை மடங்குக்கு மேல். எடையோ, ஆறு மில்லிமீட்டர் இரும்பைவிடக் குறைவு. பெல்ட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து அந்தப் புல்லியை இழுப்பது, அவன் கணக்குப்படி, ஓர் ஆள் நூறு கிலோவில் தொங்குவது போல. தொங்கினாலும் தகடு வளையக் கூடாது. வளைந்தால், நிற்கும்போது நேராக இருந்த நூல் ஓடும்போது கோணலாகிவிடும். அலுமினியத்தில் வெல்டிங் வைத்தால் சுற்றியுள்ள இடம் வலுவிழக்கும் என்பதால் வெல்டிங்கே இல்லாமல் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தார்கள். மூலைகள் எல்லாம் வளைவு. கணக்கில் மார்க் வாங்காத பையன் இதையெல்லாம் விரல்விட்டுச் சொன்னான். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குறிப்பாக இளம் வாசகர்கள் கவனியுங்கள். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, இஞ்சினில் இப்படி ஒரு மாற்றம் செய்து சாலையில் ஓட்ட ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் ஓட்டினால் குற்றம். விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும். "பிள்ளைங்க எல்லாரும்தான் செய்றாங்க" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது, மருத்துவமனையில் அதைவிட எடுபடாது.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1929-இல் இங்கிலாந்தின் பென்ட்லி காருக்கு சூப்பர்சார்ஜர் வைத்து, ரேடியேட்டருக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும்படி மாட்டினார்கள். நிறுவனத்தைத் தொடங்கிய பென்ட்லிக்கே அதில் விருப்பம் இல்லை. வேகத்தில் அது பெயர் வாங்கியது உண்மை. ஆனால் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு முறை கூட வென்றதில்லை. 1927 முதல் 1930 வரை அங்கே வரிசையாக வென்றவை சூப்பர்சார்ஜர் இல்லாத சாதாரண பென்ட்லிகள். வேகமாகப் போவது வேறு, போய்ச் சேர்வது வேறு.

தம்பி அந்தக் காரைச் சாலையில் எடுக்கவில்லை. அப்பா தடுத்ததால் இல்லை. அந்தக் கருப்புக் கோட்டைப் பார்த்த பிறகு அவனே சொன்னான், "எனக்கு ஓட்டறதைவிட செய்றதுதான் பிடிச்சிருக்குன்னு நினைக்கிறேன்." புதிய பிராக்கெட்டையும் பட்டறைக்குள் வைத்தே முப்பது மணி நேரம் ஓட்டி, மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் போட்டுப் பார்த்தார்கள். அப்பாவும் மகனும். கோடு வரவில்லை. பிறகு சூப்பர்சார்ஜரைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, வீராவைப் பழையபடி பூட்டிவிட்டான். அம்மா அதில்தான் சந்தைக்குப் போகிறார். ஏர்கோன் வேலை செய்கிறது.

அப்படியானால் ஏழு மாத உழைப்பு என்ன ஆனது? பலருக்குத் தெரியாத ஒரு வழி நம் நாட்டில் இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் உட்கார்ந்துதான் பெற வேண்டும் என்பதில்லை. பி.பி.டி. என்று ஒரு முறை உண்டு. ஏற்கெனவே வேலையில் கற்றுக்கொண்டதற்கான அங்கீகாரம். செய்த வேலைகளின் ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் பார்த்து, கேள்வி கேட்டு, தகுதி இருந்தால் சான்றிதழ். எஸ்.கே.எம். மூன்று நிலை, அதற்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா வரை படிகள் இருக்கின்றன. நம் வீடுகளில் பத்து வருடம் வெல்டிங் செய்தவர், பதினைந்து வருடம் வயரிங் செய்தவர், கையில் ஒரு காகிதம் இல்லாமல் இருக்கிறார்கள். சம்பள உயர்வு கேட்கும்போது அந்தக் காகிதம் இல்லாததுதான் குறுக்கே நிற்கிறது. விசாரித்துப் பாருங்கள்.

தம்பி இப்போது கோப்பு தயார் செய்துகொண்டிருக்கிறான். ஒன்பது அட்டைகளின் படங்கள், அளவுகள், விரிசல் விழுந்த மூலையின் படம், திருத்திய வரைபடம் எல்லாம் அதில் இருக்கின்றன. மலாயில் எழுதித் திருத்துவது என் வேலை. விரிசல் படத்தை எடுத்துவிடலாமே, தப்பைக் காட்டுவானேன் என்று கேட்டேன். "அதுதான்க்கா முக்கியம்" என்றான். முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன். வராவிட்டாலும் சொல்கிறேன்.

சாலை நிலவரம் இன்றும் வாசிக்கிறேன். அந்த அம்மா இன்னும் அழைக்கிறார். பாடல் போடுகிறேன்.

போன வாரம் வீட்டுக்குப் போனபோது வரவேற்பறையில் நாள்காட்டியைக் காணோம். சமையலறைக்குப் போய்விட்டதாம். பழைய ஆணியையும் காணோம். அந்த இடத்தில் அப்பா துளை போட்டுப் பெரிய போல்ட் ஒன்றை இறக்கியிருந்தார். அதில் தொங்கிக்கொண்டிருந்தது, உள்மூலையில் விரிசல் விட்ட அந்த முதல் இரும்பு பிராக்கெட். துடைத்து, எண்ணெய் தடவி, பளபளவென்று.

"ஆணி தாங்கல, அதான்" என்றார் அப்பா.

அடுத்த வாரம் சந்திப்போம்.